சொந்தத்தில் கல்யாணமா என்று தொடங்கும் படிவங்கள்

அறிவுசார் குறைபாடு உள்ள என் மகனைப் பற்றிய காகிதங்களை எல்லாம் நீல நிற பிளாஸ்டிக் ஃபைல் ஒன்றில் சேர்த்து வைத்திருக்கிறேன். மருந்துச் சீட்டுகள், மூளை அலைகளைக் காட்டும் ஈஈஜி பதிவுகள், மாற்றுத்திறனாளி சான்றிதழ், மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டையான யுடிஐடியின் நகல் ஆகியவற்றுக்குப் பின்னால் ஏழு ஒப்புதல் படிவங்கள் தனிக் கற்றையாக இருக்கின்றன. அவனுடைய 3 வயதிலிருந்து இப்போதைய 15 வயது வரை ஏழு முறை யாரோ ஒருவர் எங்கள் வீட்டுக்கோ அவன் படிக்கும் சிறப்புப் பள்ளிக்கோ வந்து, ஆய்வு என்று சொல்லி, கேள்விகள் கேட்டு, விடைகளை எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். சிலர் முதுகலை மாணவர்கள், சிலர் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்கள்; ஒருமுறை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஏதோ செய்வதாகச் சொன்ன ஒரு குழு. போகும்போது ஒரு பேனாவோ எவர்சில்வர் டப்பாவோ கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த ஏழில் ஆறு ஆய்வுகளுக்கு முடிவு என்ன வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஏழாவதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மற்ற ஆறைச் சொல்லாமல் அது விளங்காது.

அந்த ஆறு படிவங்களும் ஏறக்குறைய ஒரே கேள்வியில்தான் தொடங்கின. பெயர், வயது, முகவரி ஆகியவற்றை எழுதிய பேனா காகிதத்தைவிட்டு எழுவதற்குள் அடுத்த வரியில் கேட்பார்கள்: சொந்தத்தில் கல்யாணமா? எங்கள் மதுரைப் பக்கத்தில் அத்தை மகனையும் மாமன் மகளையும் கட்டுவது புதிதில்லை. நானும் அத்தை மகனைத்தான் கட்டினேன். உறவு விட்டுப்போகக் கூடாது என்று என்னைக் கேட்டு வாங்கியவர் என் அத்தை, அதாவது என் அப்பாவின் அக்கா. பகலெல்லாம் பேரனைப் பார்த்துக்கொள்பவரும் அவர்தான். கேள்வி கேட்க வருகிறவர்களுக்குக் காபி போட்டுக் கொடுப்பவரும் அவர்தான். இந்தக் கேள்வி காதில் விழுந்ததும் தம்ளரை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவார். கேள்விகள் முடியும்வரை வெளியே வரமாட்டார்.

கேள்வி தேவையற்றது என்று நான் சொல்லவில்லை. நெருங்கிய உறவில் மணந்த இருவரும் ஒரே ஒடுங்கு மரபணுக் குறையை, அதாவது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் வெளிப்படாத குறையை, சுமந்திருக்கவும், அது பிள்ளைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேரவும் வாய்ப்புக் கூடுதல் என்பது பாடப்புத்தகத்தில் உள்ள செய்தி. ஆனால் என் மகன் பிறந்தபோது அழவில்லை, உடம்பு நீலம் பாரித்திருந்தது, மூச்சுக்குத் தவித்தான் என்பதெல்லாம் அவனுடைய பிறப்புக் குறிப்பிலேயே இருக்கிறது. மருத்துவர்கள் அதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். அதைப் பற்றிய கேள்வி நான்காம் பக்கத்தில் வரும். அதற்குள் அத்தை அடுப்படிக்குப் போயிருப்பார். அந்தக் குழந்தையைப் பற்றி மிக அதிகமாகத் தெரிந்த ஆளை முதல் கேள்வியிலேயே எழுப்பி அனுப்பிவிட்டு, மீதிப் பதின்மூன்று பக்கங்களை என்னை வைத்து நிரப்பிக்கொண்டு போனார்கள். காலை எட்டரை மணிக்குப் பள்ளிக்கூடம் கிளம்பி மாலை ஐந்துக்கு மேல் வீடு திரும்புகிற நான், படிவத்தின்படி முதன்மைப் பராமரிப்பாளர்.

ஏழாவது ஆய்வுக்கு வந்தது சமூகப்பணி படிக்கும் ஓர் இளம்பெண். அவள் என்னிடம் முதலில் வந்தது தாய் என்ற முறையில் அல்ல. நான் ஓர் அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியை என்பது தெரிந்து, "டீச்சர், மொழிபெயர்ப்புல தமிழ் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துக் குடுங்க" என்று ஒரு வினாத்தாளை நீட்டினாள். பிரிட்டனில் உருவாக்கி, ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி, சரிபார்ப்பதற்காக மீண்டும் ஆங்கிலமாக்கி, முறைப்படி எல்லாம் செய்த வினாத்தாள் அது. ஒற்றுப்பிழை ஒன்றிரண்டைத் தவிரத் தமிழில் குற்றமில்லை. குற்றமில்லாத அந்தத் தமிழில் முதல் பக்கத்திலேயே இப்படி ஒரு கேள்வி இருந்தது: உங்கள் குழந்தைக்குக் கற்றல் குறைபாடு இருப்பது எந்த வயதில் தெரியவந்தது?

இதில் என்ன பிழை என்று இலக்கண நூலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கற்றல் குறைபாடு என்று இங்கே தமிழாக்கியிருந்தது 'லேர்னிங் டிஸெபிலிட்டி' என்பதை. பிரிட்டனில் அந்த ஆங்கிலச் சொற்றொடருக்குப் பொருள், நாம் இங்கே அறிவுசார் குறைபாடு என்று சொல்வது. முன்பு மனவளர்ச்சி குன்றுதல் என்று சொன்னது. நம் ஊரிலோ கற்றல் குறைபாடு என்றால், அறிவுத்திறன் இயல்பாக இருந்தும் எழுத்தைப் படிப்பதிலோ எழுதுவதிலோ கணக்குப் போடுவதிலோ மட்டும் தடுமாறுகிற பிள்ளையைத்தான் குறிக்கும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் இவ்விரண்டும் தனித்தனியே நிற்கின்றன. அந்தப் பெண் முன்னோட்டமாக நிரப்பி வாங்கியிருந்த ஐந்து படிவங்களைக் காட்டினாள். மூன்றில் அந்தக் கேள்விக்கு நேரே "இல்லை" என்று எழுதியிருந்தது. பெற்றோருக்குக் கேள்வி புரியவில்லை என்று அவளுடைய வழிகாட்டி குறிப்பு எழுதியிருந்தார். பெற்றோருக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. தங்கள் பிள்ளைக்கு இருப்பது அது இல்லை என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்குள் பேசும்போது இந்த இரண்டு சொல்லையுமே நாங்கள் பயன்படுத்துவதில்லை என்பது வேறு கதை. சிறப்புக் குழந்தை என்போம். பழைய ஆட்கள் விவரம் பத்தாது என்பார்கள்.

மொழிபெயர்ப்பைத் திருத்துவதற்காக அந்த வினாத்தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அத்தைக்கு ஒவ்வொரு கேள்வியாக வாசித்துக் காட்டினேன். அதுவரை எந்தப் படிவத்தையும் அவருக்கு முழுதாக யாரும் வாசித்துக் காட்டியதில்லை. நானும் வாசித்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குழந்தை கரண்டியால் சிந்தாமல் உண்கிறதா என்று ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் கரண்டி பரிமாறத்தான். சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்து, விரல் இடுக்கில் ஒழுகாமல் அள்ளி, வாய்க்குக் கொண்டுபோவதை அவனுக்குப் பழக்க அத்தைக்கு நான்கு வருடம் ஆனது. முதலில் தயிர்சாத உருண்டை, பிறகு பருப்புச்சோறு, கடைசியாகத்தான் ரசம். அந்த நான்கு வருடத்தை எழுதப் படிவத்தில் இடமில்லை. கரண்டிக் கேள்விக்கு "இல்லை" என்று போட்டு அவனுக்குச் சுழியம் கொடுத்திருப்பார்கள். அடுத்த கேள்வி, குழந்தை சாலையைத் தனியாகக் கடக்கிறதா என்பது. அத்தை சிரித்துவிட்டார். "ஏத்தா, அவனக் கேக்குறது இருக்கட்டும். கோரிப்பாளையத்துல நீ தனியாத் தாண்டிருவியா? நான் தாண்டிருவனா?"

இதைச் சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளின் சான்றிதழில் எழுதப்படும் சதவீதமே பெரும்பாலும் இத்தகைய கேள்விகளுக்கு நாங்கள் சொல்லும் விடைகளின் மீதுதான் நிற்கிறது. அறிவுத்திறன் சோதனையோடு சேர்த்து இங்கே பரவலாகப் பயன்படுத்துவது வைன்லாந்து சமூக முதிர்ச்சி அளவுகோல். அமெரிக்காவில் எட்கர் டால் 1930களில் உருவாக்கியதை, இந்தியாவுக்கு ஏற்ப மாலின் என்பவர் 89 கூறுகளாக மாற்றி அமைத்தார். அது குழந்தையை உட்காரவைத்து எடுக்கும் தேர்வு அல்ல. குழந்தையைக் கூடவே இருந்து பார்ப்பவரிடம், அவன் என்னென்ன தானாகச் செய்கிறான் என்று விசாரித்து மதிப்பெண் இடும் முறை. என் மகனுக்கு மிதமான குறைபாடு, 75 சதவீதம் என்று சான்றிதழில் இருக்கிறது. அந்த 75ஐக் கொண்டுவந்த விடைகளைச் சொன்னவள், பகலில் வீட்டில் இல்லாத நான். உதவித்தொகை, பேருந்துச் சலுகை, பள்ளிச் சேர்க்கை ஆகிய எல்லாம் குடும்பத்தார் சொல்லை நம்பித்தான் நடக்கின்றன. சதவீதம் போடுவதற்கு நம்பத்தக்கதாக இருக்கும் அந்தச் சொல், எதைக் கேட்பது என்று முடிவு செய்யும் இடத்துக்கு மட்டும் ஏன் வேண்டாததாகிறது என்பதுதான் என் வழக்கு.

இன்னொன்றையும் இங்கே எழுதிவிட வேண்டும். அவனுக்கு 11 வயதானபோது, தன் தலையில் தானே ஓங்கி அடித்துக்கொள்ளும் பழக்கம் வந்தது. ஐந்தாவது ஆய்வு நடந்த காலம் அது. நடத்தைச் சிக்கல்கள் என்ற தலைப்பின் கீழ், வாரத்துக்கு எத்தனை முறை, எவ்வளவு பலமாக, எவ்வளவு நேரம் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அடிப்பதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று கேட்கவில்லை. அத்தைதான் நாட்காட்டியின் தாளில் பென்சிலால் புள்ளி வைத்து வைத்து ஒன்றைக் கண்டுபிடித்தார்: மூன்று நாள் வெளிக்குப் போகாவிட்டால் நான்காம் நாள் அடித்துக்கொள்கிறான். மருத்துவரிடம் சொன்னோம். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளிடம் மலச்சிக்கல் மிகப் பரவலானது என்றும், வலியை வாயால் சொல்லத் தெரியாதவர்கள் இப்படிக் காட்டுவது உண்டு என்றும், பல்வலியும் காதுவலியும்கூட இதே உருவில் வரலாம் என்றும் அவர் விளக்கினார். மருந்தும் உணவும் மாறின. அடி பெருமளவு நின்றது. ஆனால் ஐந்தாவது ஆய்வின் ஏதோ ஓர் அட்டவணையில் என் மகன் இன்றும் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்பவனாகவே இருப்பான்.

மொழித் திருத்தத்தோடு இவற்றையும் ஓரத்தில் எழுதி அனுப்பினேன். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. நாலைந்து குடும்பங்களைச் சேர்த்து உட்காரவைத்து, வினாத்தாளை முழுதும் பேசித் திருத்தலாமா என்று கேட்டாள். பிரிட்டனில் இது பல காலமாக நடப்பதாகவும், ஆய்வு என்பது மக்கள் மீதோ மக்களைப் பற்றியோ செய்வதாக இல்லாமல் மக்களோடு சேர்ந்து செய்வதாக இருக்க வேண்டும் என்பதை அங்கே ஒரு கொள்கையாகவே வைத்திருப்பதாகவும் சொன்னாள். 2004இல் தொடங்கிய ஜேம்ஸ் லிண்ட் கூட்டமைப்பு என்ற ஒன்று, நோயாளிகளையும் குடும்பத்தாரையும் மருத்துவப் பணியாளர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, விடை காணவேண்டிய கேள்விகளில் முதல் பத்தை அவர்களே வரிசைப்படுத்தும்படி செய்கிறதாம். 1969இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பெண்மணி, மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்ததையும் அவள் கைபேசியில் காட்டினாள். கருத்துக் கேட்டுவிட்டு அத்தோடு விட்டுவிடுவது அதில் நான்காம் படி. சமாதானப்படுத்தி அனுப்புவது ஐந்தாம் படி. ஆறாம் படியில்தான் கூட்டாளியாவது வருகிறது. எவர்சில்வர் டப்பா ஐந்தாம் படி என்று உடனே பிடிபட்டது.

முதல் கூட்டம் படுதோல்வி. நகரத்துக்கு வெளியே ஒரு கல்லூரிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், வேலை நாளில், காலை பத்தரை மணிக்கு வைத்தார்கள். எட்டுப் பேரை அழைத்து இரண்டு பேர் வந்தோம். அதில் நான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. நடக்க முடியாத 9 வயது மகளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிய இன்னொரு தாய், குழந்தைக்கு மாற்றுத்துணி கட்ட இடம் கேட்டபோது ஊழியர்களின் கழிப்பறையைக் காட்டினார்கள். அன்று முகூர்த்த நாள் வேறு. செல்லூரில் இருந்து வருவதாகச் சொல்லியிருந்த ஒரு பெண் வீட்டிலிருந்தபடி பூக்கட்டிக் கூலி வாங்குபவர். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மல்லிகை விலை ஏறும் நாளில் கட்டுவதற்குப் பூவும் நிறைய வரும், கையும் ஓயாது. அப்படி ஒரு நாளில் எந்த ஆய்வுக்கு யார் வருவார்கள்? பயணப்படி பற்றிக் கேட்டபோது, பெண்களுக்கு 2021 முதல் நகரப் பேருந்தில் கட்டணமே இல்லையே என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னாராம். சொன்னவர் கணக்கில் பிழை இல்லை. ஆனால் நகரப் பேருந்தின் படிக்கட்டில் 9 வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறி அவர் பார்த்ததில்லை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து புறநகர்ப் பேருந்தில் வருகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது என்பதும் அவர் நினைவுக்கு வரவில்லை.

இரண்டாம் கூட்டத்தை எங்கள் யோசனைப்படி மாற்றினார்கள். ஒரு சிறப்புப் பள்ளியின் தரைத்தள அறை, சனிக்கிழமை பிற்பகல் இரண்டு முதல் நாலு வரை. அடுத்த அறையில் இரண்டு சிறப்பாசிரியர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரு நாள் கூலியும் ஆட்டோச் செலவும் உறையில் போட்டு, வந்தவுடனேயே கொடுத்துவிட்டார்கள். கூட்டம் முடிந்ததும் கொடுத்தால் அது பரிசாகிவிடும். முதலிலேயே கொடுத்தால் சம்பளம். இந்த வேறுபாட்டைப் பூக்கட்டும் அந்தப் பெண்தான் சொன்னார். அன்று ஆறு குடும்பங்கள் வந்தன. அத்தையும் வந்தார்.

அந்த இரண்டு மணி நேரத்தில் நடந்ததை எல்லாம் எழுத இடமில்லை. சொந்தத்தில் கல்யாணமா என்ற கேள்வி கடைசிப் பக்கத்துக்குப் போனது. அதற்கு மேலே, இது ஏன் கேட்கப்படுகிறது, விடை எதுவானாலும் யார் மீதும் பழி இல்லை என்று இரண்டு வரி சேர்ந்தது. சாலையைக் கடப்பதற்குப் பதில், தெருமுனைக் கடைக்குச் சீட்டும் காசும் கொடுத்தனுப்பினால் பொருளோடு திரும்புகிறானா என்பது வந்தது. மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய், நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் 13 வயது மகள் வயதுக்கு வந்தது முதல் மாதாமாதம் படும் பாட்டைச் சொன்னார். துணி வைத்தால் பிடுங்கி எறிகிறாள், பள்ளிக்கு அனுப்ப முடியவில்லை, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள், அது சரியா தப்பா என்று யாரிடம் கேட்பது? பதினான்கு பக்க வினாத்தாளில் மாதவிடாய் என்ற சொல்லே இல்லை. வினாத்தாளை அமைத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்கள் வீட்டில் இந்தச் சிக்கல் இல்லை, அவ்வளவுதான்.

எதை ஆராய வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என அந்தப் பெண் கேட்டபோது, அறிவுத்திறன் எண்ணை எப்படி உயர்த்துவது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. தூக்கம் என்றார்கள், பிள்ளை தூங்காததால் பத்து வருடமாகத் தாங்களும் தூங்கவில்லை என்றார்கள். கழிப்பறைப் பழக்கம் என்றார்கள். பெரிய பையனானபின் தூக்கிக் குளிப்பாட்டுவதால் வரும் இடுப்புவலி என்றார்கள். எல்லாருக்கும் பொதுவாக இருந்தது ஒன்று: எங்களுக்குப் பிறகு யார்? 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயதுக்குப் பிறகும் பாதுகாவலரை நியமித்துக்கொள்ள மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம் என்பது அங்கிருந்த ஆறு பேரில் இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. சட்டம் பாதுகாவலரைத் தருகிறது; வீட்டில் அந்த இடத்துக்கு ஆளைத் தேடுவது எங்கள் பாடு. அதைப் பற்றி ஆராய்ந்தால் நாங்கள் நூறு பக்கம்கூட நிரப்பித் தருவோம்.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று எண்ண வேண்டாம். வழிகாட்டிப் பேராசிரியர் ஒரு நியாயமான மறுப்பைச் சொன்னார். பல நாடுகளில் ஒரே அளவுகோலைப் பயன்படுத்தினால்தான் விடைகளை ஒப்பிட முடியும். கேள்விகளை ஊருக்கு ஊர் மாற்றினால் அந்த அளவுகோல் அளவுகோலாகவே இராது. உருவாக்கியவர்களின் அனுமதி இல்லாமல் தொடவும் கூடாது. படியில் அளக்கிற நெல்லை மரக்காலில் அளந்துவிட்டுக் கணக்கை ஒப்பிட முடியாது என்பது எங்களுக்கும் புரிந்தது. பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தோம்: அளவுகோலின் கேள்விகளில் சொற்பொருள் தவறாகப் போயிருந்தவற்றை மட்டும், அனுமதி பெற்றுத் திருத்துவது, கரண்டிக் கேள்வி இருந்த இடத்திலேயே இருக்கட்டும், நாங்கள் சொன்னவற்றைத் தனிப் பகுதியாகப் பின்னால் சேர்ப்பது. எனக்கு அதில் முழு நிறைவில்லை. ரசச்சோறு இணைப்பில் இருக்கிறது, கரண்டி உள்ளே இருக்கிறது. ஆனாலும் கரண்டிக்கு ஏன் சுழியம் வந்தது என்பதை இனி யாராவது இணைப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆய்வின் ஒரு பகுதியாகப் பிள்ளை விளையாடுவதைக் காணொளி எடுக்க வேண்டும் என்றார்கள். ஒப்புதல் படிவத்தில் நான் கையெழுத்திட்டேன். அந்தப் பெண் கைபேசியை உயர்த்தியதும் என் மகன் எழுந்து வந்து, உள்ளங்கையால் லென்ஸை மூடினான். அவள் இறக்கினாள், அவன் போய் உட்கார்ந்தான். மறுபடி உயர்த்தியதும் மறுபடி வந்து மூடினான். "பரவால்லம்மா எடுங்க, கொஞ்ச நேரத்துல பழகிருவான்" என்றவள் நான். அவள்தான், "வேணாம் டீச்சர், அவன் வேணாங்கிறான்" என்று கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், பெற்றோரின் ஒப்புதலோடு, 7 வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் இசைவையும் கேட்கச் சொல்கின்றன. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளி எவரையும் அவருக்கு எட்டும் வழியில் விளக்கிப் பெற்ற ஒப்புதல் இல்லாமல் ஆய்வுக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது. அதோடு, அரசு இதற்கென அமைக்கும் குழுவின் முன் அனுமதி வேண்டும் என்றும், அக்குழுவில் பாதிக்குக் குறையாதவர்கள் மாற்றுத்திறனாளிகளாகவோ பதிவுபெற்ற சங்கங்களைச் சேர்ந்தவர்களாகவோ இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பதிவுபெற்ற சங்கம் என்பதில் பெற்றோர் சங்கமும் அடங்கும் என்பதைச் சட்டமே விளக்கிவிடுகிறது. அதாவது நாங்கள் கேட்டது சலுகை அல்ல. என் ஃபைலில் உள்ள முதல் சில படிவங்கள் இந்தச் சட்டத்துக்கு முந்தியவை. பிந்தியவற்றிலும் இந்தப் பிரிவைப் பற்றி ஒரு வரி இல்லை. பெற்றோருக்கு இடம் வேண்டும் என்று இவ்வளவு வாதாடுகிற நான், பிள்ளை உள்ளங்கையால் சொன்ன விடையைக் கையெழுத்துப் போட்ட அதிகாரத்தில் தள்ளிவிடப் பார்த்தேன் என்பதும் உண்மை. பெற்றோர் பேசுவது பிள்ளை பேசுவது ஆகாது. சில நேரம் இரண்டும் எதிரெதிராகவும் இருக்கும். அப்போது யார் பக்கம் நிற்பது என்று ஆய்வாளர்தான் பார்த்து முடிவெடுக்க வேண்டும், அவள் எடுத்ததுபோல.

வந்த ஆறு குடும்பங்களை வைத்து எல்லாருடைய குரலும் கேட்டுவிட்டதாக நினைப்பதும் தவறு. ஆறும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற குடும்பங்கள். அனுப்ப முடியாமல் வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பவர்கள் வரவில்லை. அப்பாக்களில் ஒருவர்தான் வந்தார், அவரும் வாசலில் வண்டியருகே நின்றார். மூன்று முறை கூப்பிட்டபின் உள்ளே வந்து, மகனின் வலிப்பு மருந்து ஒவ்வொன்றின் அளவையும் தேதியோடு ஒப்பித்தார். அக்கா தங்கைகள் ஒருவர்கூட இல்லை, நாளை இந்தப் பொறுப்பு அவர்கள் தலையில்தான் விடியும் என்றாலும். அன்று அதிகம் பேசியது நான் என்பதையும் பிற்பாடு உணர்ந்தேன். வகுப்பறைப் பழக்கம், நாற்பது பேர் முன்னால் பேசிப் பழகிய தொண்டை. மேலூர்க்காரத் தாய் வாய் திறக்க ஒரு மணி நேரம் ஆனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

திருத்திய வினாத்தாளோடு அந்தப் பெண் போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆய்வு முடிந்ததும் இரண்டு பக்கத்தில் தமிழில் முடிவுகளை எழுதித் தருவதாகவும், படிக்கத் தெரியாதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்புவதாகவும் ஒப்புதல் படிவத்திலேயே அச்சிட்டிருந்தாள். பராமரிப்பாளர் என்ற இடத்தில் இரண்டு பெயர் எழுதக் கோடு இருந்தது. என் பெயரை எழுதிவிட்டு அத்தையைப் பார்த்தாள். அத்தை காபித் தம்ளரை வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போகாமல், அவன் பக்கத்திலேயே பாயில் உட்கார்ந்தார். பின்னிணைப்பு வரை வந்ததும் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அவர் பக்கம் திரும்பி வாசித்தாள்: கடந்த மூன்று நாட்களில் குழந்தை மலம் கழித்ததா?

"எழுதிக்க தாயி," என்றார் அத்தை. "இன்னைக்குக் காலைல ஏழு மணிக்குப் போனான். நேத்து இல்ல. முந்தாநாளு ரெண்டு வாட்டி."